பஸ்ஸில் அரசு பெயர், டிரைவருக்கு தனியார் சம்பளம்: நகரப் பேருந்துகளை கம்பெனிகள் ஓட்டும் 'ஜிசிசி' முறை என்ன? டிக்கெட் விலை ஏறுமா?

சென்னை வியாசர்பாடி பணிமனையில் இருந்து கிளம்பும் மின்சாரப் பேருந்தில் ஏறினால், கண்டக்டர் மாநகரப் போக்குவரத்துக் கழக ஊழியர். டிக்கெட்டும் எம்டிசி டிக்கெட்தான். வழித்தட எண்ணும் பழையதுதான். ஆனால் ஸ்டியரிங் பிடித்திருக்கும் ஓட்டுநர் எம்டிசி ஊழியர் இல்லை. அந்தப் பேருந்தும் எம்டிசிக்கு சொந்தமானது இல்லை.

2025 ஜூன் 30ஆம் தேதி முதலமைச்சர் ஸ்டாலின் 120 மின்சாரப் பேருந்துகளின் சேவையைத் தொடங்கி வைத்தார். மதிப்பு 207.90 கோடி ரூபாய். இவற்றை ஓட்டுவது ஓம் குளோபல் மொபிலிட்டி என்ற தனியார் நிறுவனம். அசோக் லேலண்ட் குழுமத்தைச் சேர்ந்தது. பேருந்தைத் தயாரித்தது அதே குழுமத்தின் ஸ்விட்ச் மொபிலிட்டி. இதே குழுமத்தின் மின்சாரப் பேருந்துகள் பெங்களூரிலும் ஓடுகின்றன. மும்பையில் ஓடும் மின்சார டபுள் டெக்கரும் ஸ்விட்ச் தயாரிப்புதான்.

"அப்போ பஸ்ஸை தனியாருக்கு வித்துட்டாங்களா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். "இது தனியார்மயமே இல்லை" என்று அரசு சொல்கிறது. இரண்டுமே பாதி உண்மைதான். விஷயம் ஒப்பந்தத்தில் இருக்கிறது.

ஜிசிசி என்றால் என்ன?

சென்னைக்காரர்களுக்கு ஜிசிசி என்றதும் மாநகராட்சிதான் நினைவுக்கு வரும். இது வேற. கிராஸ் காஸ்ட் கான்ட்ராக்ட். சிம்பிளாக சொன்னால், கிலோமீட்டர் கணக்கில் வாடகை.

பேருந்தை வாங்குவது, ஓட்டுநரை வேலைக்கு வைப்பது, பழுது பார்ப்பது, பேட்டரியைக் கவனிப்பது எல்லாம் தனியார் நிறுவனத்தின் பொறுப்பு. எந்த ரூட், எத்தனை ட்ரிப், எங்கே நிற்கணும், டிக்கெட் எவ்வளவு என்பதை முடிவு செய்வது அரசுப் போக்குவரத்துக் கழகம். வசூலாகும் டிக்கெட் பணம் முழுக்க அரசுக்கே போகும். நிறுவனத்துக்குக் கிடைப்பது, ஓடிய ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் முன்பே பேசி வைத்த தொகை. பஸ் நிரம்பி வழிந்தாலும் அதே பணம்தான், காலியாக ஓடினாலும் அதே பணம்தான்.

சென்னை ஒப்பந்தத்தில் அந்தத் தொகை, ஏசி இல்லாத பேருந்துக்கு கிலோமீட்டருக்கு 77.16 ரூபாய். ஏசி பேருந்துக்கு 80.86 ரூபாய். ஒப்பந்தக் காலம் 12 ஆண்டுகள். உலக வங்கி நிதியுதவியுடன் நடக்கும் 'சென்னை சிட்டி பார்ட்னர்ஷிப்' திட்டத்தின் கீழ் மொத்தம் 625 மின்சாரப் பேருந்துகள், 5 பணிமனைகள் என்பது திட்டம். வியாசர்பாடிக்கு அடுத்து 2025 ஆகஸ்டில் பெரும்பாக்கம் பணிமனை இந்தப் பட்டியலில் சேர்ந்தது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஏசி இல்லாத ஒரு பேருந்து ஒரு நாளைக்கு 200 கிலோமீட்டர் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். அந்த ஒரு பேருந்துக்கு அரசு தர வேண்டியது 15,432 ரூபாய். 10 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு ட்ரிப்புக்கு சுமார் 772 ரூபாய். பயணி ஒருவரிடம் சராசரியாக 10 ரூபாய் வசூலானால், அந்த ஒரு ட்ரிப்பில் 78 பேர் டிக்கெட் எடுத்தால்தான் நிறுவனத்துக்குத் தரும் பணமே தேறும். கண்டக்டர் சம்பளம் இதில் சேராது, அது தனி.

78 பேர் காசு கொடுத்து டிக்கெட் எடுக்கும் ட்ரிப், அதுவும் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம் இருக்கும் ஊரில், பீக் ஹவரில்கூட எளிதில்லை. மீதியை அரசு தன் கையில் இருந்துதான் போட வேண்டும். இந்தப் பற்றாக்குறை புதிதல்ல. அரசே ஓட்டும் டீசல் பேருந்திலும் உண்டு. வித்தியாசம் என்னவென்றால், அங்கே பணம் இல்லாவிட்டால் உதிரிபாகம் வாங்குவதை தள்ளிப்போடலாம், ஓய்வு பெற்றவரின் பணப்பலனை தள்ளிப்போடலாம். நம் போக்குவரத்துக் கழகங்கள் அதைத்தான் செய்தும் வந்திருக்கின்றன. இங்கே ஒப்பந்தப்படி பில் வரும். கட்டியே ஆக வேண்டும்.

இலவசப் பயணம் நின்றுவிடுமா?

சோஷியல் மீடியாவில் அதிகம் சுற்றும் பயம் இது. ஜிசிசி முறையில் தனியார் நிறுவனத்துக்கு டிக்கெட் வருமானத்தில் பங்கே கிடையாது. பெண் பயணிக்கு இலவச டிக்கெட் கிழித்தாலும், ஐம்பது ரூபாய் டிக்கெட் கிழித்தாலும் அவர்களுக்கு ஒன்றுதான். அதனால் இலவசப் பயணத்தை நிறுத்தச் சொல்லி நிறுவனம் கேட்க காரணமே இல்லை. கட்டணத்தை உயர்த்துவதும் நிறுவனத்தின் கையில் இல்லை.

ஆனால், அரசு எந்தப் பேருந்தை சாதாரணக் கட்டணத்தில் ஓட்டுகிறது, எதை ஏசியாக ஓட்டுகிறது என்பது அரசின் முடிவு. இலவசம் சுருங்க வேண்டுமானால் அறிவிப்பே தேவையில்லை, சாதாரணக் கட்டணப் பேருந்துகளின் எண்ணிக்கை குறைந்தாலே போதும். கவனிக்க வேண்டியது அதைத்தான்.

கட்டணம்? தமிழ்நாட்டில் பேருந்துக் கட்டணம் கடைசியாகப் பெரிய அளவில் உயர்ந்தது 2018 ஜனவரியில். மும்பையில் பெஸ்ட் நிறுவனம் 2019இல் குறைந்தபட்சக் கட்டணத்தை 5 ரூபாயாகக் குறைத்தது. ஏறக்குறைய அதே காலத்தில் தனியார் வாடகைப் பேருந்துகளை அதிகம் இறக்கியது. 2025 மே மாதம் அந்த 5 ரூபாய் 10 ரூபாய் ஆனது. தனியார் வந்ததால்தான் கட்டணம் ஏறியது என்று சொல்லிவிட முடியாது. ஆறு வருடம் தொடாமல் வைத்திருந்த கட்டணம் அது. ஆனால் கிலோமீட்டர் வாடகை ஏறிக்கொண்டே போக, டிக்கெட் விலை அப்படியே நின்றால், ஒரு நாள் ஒரே அடியாக ஏறும் என்பதற்கு மும்பை ஒரு உதாரணம்.

முன்னாடியும் தனியார் ஓட்டியதுதானே?

ஆமாம். மதுரையில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே டி.வி.எஸ். பேருந்துகள் ஓடத் தொடங்கிவிட்டன. நேரம் தவறாமைக்கு அந்தப் பேருந்துகளை உதாரணம் சொல்லும் பெரியவர்கள் இன்றும் உண்டு. 1970களின் தொடக்கத்தில் கருணாநிதி ஆட்சியில் பேருந்துகள் நாட்டுடைமையாகின. 1972 ஜனவரி 1 அன்று சென்னைக்கு பல்லவன் வந்தது. மதுரைக்கு பாண்டியன், கோவைக்கு சேரன் என்று வரிசையாக வந்தன. கோவை, நெல்லை போன்ற ஊர்களில் தனியார் டவுன் பஸ் இன்றும் ஓடுகிறது. 2025 ஜூன் மாதம் தஞ்சாவூரில் தொடங்கி வைக்கப்பட்ட புதிய மினி பஸ் திட்டமும் தனியார் முதலாளிகள் ஓட்டுவதுதான்.

இவர்களுக்கும் ஜிசிசிக்கும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. மினி பஸ்காரர் பெர்மிட் வாங்கி, வசூலைத் தானே வைத்துக்கொள்கிறார். ஆள் ஏறினால்தான் அவருக்குக் காசு. அதனால் கூட்டம் உள்ள இடத்தில் கூடுதல் நேரம் நிற்பார், கூட்டம் இல்லாத நேரத்தில் ட்ரிப்பை கட் செய்யப் பார்ப்பார். இந்த முறை ஒரு பெருநகரத்தில் கட்டுப்பாடு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை டெல்லி பார்த்தது. 1992இல் ரெட்லைன் என்ற பெயரில் வந்து, பிறகு புளூலைன் ஆன தனியார் பேருந்துகள், பயணிகளைப் பிடிக்க ஒன்றோடொன்று ரேஸ் ஓட்டின. சாலையில் உயிர்கள் போயின. 'கில்லர் லைன்' என்று பத்திரிகைகள் எழுதும் அளவுக்குப் போனது. காமன்வெல்த் போட்டிகளை ஒட்டிய ஆண்டுகளில் அவை படிப்படியாக அகற்றப்பட்டன.

ரேஸ் ஓட்ட வேண்டிய தேவையையே எடுத்துவிடுவதுதான் கிலோமீட்டர் வாடகை முறையின் அடிப்படை யோசனை. லண்டன் இதை 1985 முதலே டெண்டர் விட்டுச் செய்கிறது. அங்கே ஓடும் சிவப்புப் பேருந்துகளை பல தனியார் நிறுவனங்கள்தான் ஓட்டுகின்றன. பயணிக்கு அது தெரியவே தெரியாது. லண்டனுக்கு வெளியே 1986இல் பேருந்துத் துறையை சந்தைக்குத் திறந்துவிட்டார்கள். லாபம் வரும் ரூட்டை மட்டும் கம்பெனிகள் பிடித்துக்கொண்டன என்ற புகார் பல ஆண்டுகள் ஓயவில்லை. கடைசியில் மான்செஸ்டர் மாநகரப் பகுதி 2023 செப்டம்பரில் தொடங்கி 2025 ஜனவரிக்குள் எல்லாப் பேருந்துகளையும் திரும்ப அரசுக் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவந்துவிட்டது. ஓட்டுவது அங்கேயும் தனியார்தான். ரூட்டும் கட்டணமும் மட்டும் இப்போது அரசு கையில்.

சிங்கப்பூர் இன்னும் ஒரு படி மேலே. 2016 முதல் அங்கே பேருந்தும் பணிமனையும் அரசுக்குச் சொந்தம். கம்பெனி வந்து ஓட்டிக் கொடுத்துவிட்டு, 5 ஆண்டு ஒப்பந்தம் முடிந்ததும் அடுத்த டெண்டரில் மறுபடி போட்டி போடணும். சரியாக ஓட்டியவர்களுக்கு 2 ஆண்டு நீட்டிப்பு கிடைக்கலாம். சென்னையில் பணிமனை மட்டும்தான் அரசுடையது. பேருந்து நிறுவனத்துடையது. 12 வருட ஒப்பந்தத்தின் நடுவில் பிரச்சனை வந்தால் பேருந்தும் சேர்ந்தே போய்விடும். இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம், ஆனால் மும்பையில் நடந்ததைப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

மும்பையில் என்ன நடந்தது?

பெஸ்ட் ஒரு காலத்தில் இந்தியாவின் சிறந்த நகரப் பேருந்து சேவை என்று பெயர் வாங்கியது. சொந்தப் பேருந்துகள் பழசாகி ஸ்கிராப்புக்குப் போகப் போக, புதிது வாங்காமல் 'வெட் லீஸ்' என்ற பெயரில் தனியார் பேருந்துகளை எடுத்தது. பெயர்தான் வேறு, இதுவும் கிலோமீட்டர் வாடகைதான்.

2022இல் ஒரு ஒப்பந்த நிறுவனம் கட்டுப்படி ஆகவில்லை என்று சொல்லி 200க்கும் மேற்பட்ட மினி பேருந்துகளோடு வெளியேறியது. பின்னாலேயே வேறு சில நிறுவனங்களும் கிளம்பின. அந்த ரூட்களில் காத்திருந்த மக்களுக்கு மாற்றுப் பேருந்து உடனே கிடைக்கவில்லை, ஏனென்றால் பெஸ்ட்டிடம் கொடுக்க சொந்த பஸ் இல்லை.

2023 ஆகஸ்டில் ஒப்பந்த ஓட்டுநர்கள் ஒரு வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒரே பஸ் ஸ்டாப்பில் நிற்கும் இரண்டு சிவப்புப் பேருந்துகள், ஒன்றின் டிரைவர் பெஸ்ட் ஊழியர், இன்னொன்றின் டிரைவர் ஒப்பந்தக்காரர். வேலை ஒன்றுதான், சம்பளம் ஒன்றில்லை. இதுதான் அவர்கள் கோபத்தின் மையம். யாரிடம் பேச்சுவார்த்தை நடத்துவது என்பதே அங்கே குழப்பமானது. பெஸ்ட் கம்பெனியைக் காட்டியது. ஊழியர்களோ எங்கள் கோரிக்கைக்கு அரசுதான் பதில் சொல்லணும் என்றார்கள்.

2024 டிசம்பர் 9 இரவு குர்லாவில் வாடகை ஒப்பந்தத்தில் ஓடிய 12 மீட்டர் மின்சாரப் பேருந்து கட்டுப்பாட்டை இழந்து மக்கள் மீதும் வாகனங்கள் மீதும் மோதியது. அன்றே பலர் உயிரிழந்தார்கள், 40க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். மின்சாரப் பேருந்தில் கிளட்ச் கிடையாது, கியர் மாற்ற வேண்டியதில்லை. ஆக்சிலரேட்டரை மிதித்த நொடியே இழுவை வரும். பல வருடம் டீசல் வண்டி ஓட்டிய கைக்கும் காலுக்கும் அது புதுசு. அந்த ஓட்டுநருக்கு இந்த வகைப் பேருந்தில் எத்தனை நாள் பயிற்சி தரப்பட்டது என்பதே விபத்துக்குப் பிறகு எழுந்த முக்கியமான கேள்வி. பயிற்சி தருவது கம்பெனியின் வேலை என்றால், அதைச் சரிபார்ப்பது யார் வேலை? ஒப்பந்தத்தில் இதற்கு ஒரு வரி இருக்கலாம். பணிமனையில் அதற்கென ஒரு ஆள் இருக்கிறாரா என்பதுதான் விஷயம்.

பக்கத்து ஊரான புனேயில் பிரச்சனை வேறு மாதிரி வந்தது. 2023 மார்ச்சில் ஒப்பந்த நிறுவனங்கள் தங்களுக்கு மாதக்கணக்கில் பில் பாக்கி என்று சொல்லி பேருந்துகளை நிறுத்தின. ஆபீஸ் கிளம்பிய மக்கள் ஸ்டாப்பில் நின்றார்கள்.

கம்பெனிகளின் பயம் என்ன?

அவர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு மின்சாரப் பேருந்தின் விலை டீசல் பேருந்தைவிட மிக அதிகம். வங்கியில் கடன் வாங்கித்தான் இறக்க வேண்டும். மாநிலப் போக்குவரத்துக் கழகங்களின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால் வங்கிகள் கடன் தரத் தயங்குகின்றன. அதற்காகவே மத்திய அரசு 2024 செப்டம்பரில் 3,435 கோடி ரூபாயில் ஒரு பணப் பாதுகாப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தது. போக்குவரத்துக் கழகம் பில் கட்டத் தவறினால், இந்த நிதியில் இருந்து கம்பெனிக்குப் பணம் போகும். அந்தப் பணம் பிறகு ரிசர்வ் வங்கியில் உள்ள மாநில அரசின் கணக்கில் இருந்து நேரடியாக எடுக்கப்படும். வீட்டு லோன் இஎம்ஐ ஆட்டோ டெபிட் ஆவது மாதிரி.

இதற்கு முன்பே, 2023 ஆகஸ்டில், 10,000 மின்சாரப் பேருந்துகளை 169 நகரங்களில் இதே தனியார் கூட்டு முறையில் ஓட்டும் பிஎம் இ-பஸ் சேவா திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பிறகு வந்த பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் பெங்களூருக்கு 4,500, டெல்லிக்கு 2,800, ஹைதராபாத்துக்கு 2,000, அகமதாபாத்துக்கு 1,000, சூரத்துக்கு 600 என மொத்தம் 10,900 பேருந்துகளுக்கு ஒரே டெண்டர். அதாவது, இனி நாட்டின் பெரிய நகரங்களில் நகரப் பேருந்தை ஓட்டப்போவது விரல் விட்டு எண்ணக்கூடிய சில கம்பெனிகள்தான். டாடா மோட்டார்ஸ் ஏற்கனவே டெல்லியிலும் பெங்களூரிலும் ஓட்டுகிறது. ஹைதராபாத்தைச் சேர்ந்த ஒலெக்ட்ராவின் பேருந்துகள் மும்பை, புனே, ஹைதராபாத் என்று பல ஊர்களில் ஓடுகின்றன.

ஒரே கம்பெனி பல ஊர்களில் இருப்பதால் விலை குறையும் என்பது அரசின் கணக்கு. 2022இல் டெல்லி, பெங்களூர், கொல்கத்தா, ஹைதராபாத், சூரத் ஆகிய ஐந்து ஊர்களுக்கும் சேர்த்து 5,450 பேருந்துகளுக்கு டெண்டர் விட்டபோது, 12 மீட்டர் பேருந்துக்கு கிலோமீட்டருக்கு 43.49 ரூபாய் வரை விலை இறங்கியது. சென்னையின் 77 ரூபாயோடு இதை அப்படியே ஒப்பிட்டு வாட்ஸ்அப்பில் பரப்புகிறார்கள். அது சரியான ஒப்பீடு இல்லை. மத்திய அரசின் ஃபேம்-2 திட்டத்தில் 12 மீட்டர் பேருந்து ஒன்றுக்கு 55 லட்சம் ரூபாய் வரை மானியம் இருந்தது. மானியம் கிடைத்தால் கிலோமீட்டர் விலை தானாகக் குறையும். தாழ்தளமா, சாதாரண தளமா, கரண்ட் பில் யார் கட்டுகிறார்கள், ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டருக்கு உத்தரவாதம் என்று எல்லாவற்றையும் பார்க்கணும். இருந்தாலும் இடைவெளி பெரியது. அதற்கான விளக்கத்தை அரசு பொதுமக்களுக்குப் புரியும்படி சொல்லியிருக்கலாம்.

டிரைவர்கள் கதை

தமிழ்நாட்டில் எதிர்ப்பு முதலில் எழுந்தது இங்கிருந்துதான். 2023இல் சென்னையில் தனியார் பேருந்துகளை ஓட்டும் திட்டம் வெளியே தெரிந்ததும் சிஐடியு உள்ளிட்ட சங்கங்கள் எதிர்த்தன. அதே ஆண்டு மே 29 அன்று, ஒப்பந்த ஓட்டுநர்களை எடுப்பதைக் கண்டித்து எம்டிசி ஊழியர்கள் திடீரென பேருந்துகளை நிறுத்தினார்கள். மாலை நேரத்தில் சென்னை திணறியது. இது தனியார்மயம் அல்ல, யாருடைய வேலையும் போகாது என்று போக்குவரத்துத் துறை அமைச்சர் சிவசங்கர் சொன்னார்.

இருக்கும் ஊழியரின் வேலை போகாது என்பது சரி. ஆனால் அவர் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்துக்கு யார் வருவார்? அரசுப் போக்குவரத்துக் கழக ஓட்டுநர் வேலை, பத்தாவது படித்துவிட்டு ஹெவி லைசென்ஸ் வைத்திருக்கும் ஒரு கிராமத்து இளைஞருக்குக் கிடைக்கும் சில நிரந்தர வேலைகளில் ஒன்று. அதில் 69 சதவீத இடஒதுக்கீடு உண்டு. கம்பெனி எடுக்கும் ஓட்டுநர் பணிக்கு அது பொருந்தாது. ஒரு பணிமனை ஜிசிசிக்கு மாறினால், அந்தப் பணிமனை அளவுக்கு நிரந்தர ஓட்டுநர் பணியிடங்கள் எதிர்காலத்தில் உருவாகாது. இதை யாரும் 'வேலை இழப்பு' என்று கணக்கெழுதுவதில்லை.

இதெல்லாம் இருந்தும் அரசுகள் ஏன் இந்தப் பக்கமே வருகின்றன? பணம். சென்னைக்கு 3,000க்கும் மேற்பட்ட பேருந்துகள் ஓடும் கழகம், 625 மின்சாரப் பேருந்துகளை மொத்தமாக விலை கொடுத்து வாங்குவது கடினம். வாடகை என்றால் முதலீடு கம்பெனியுடையது. பேட்டரி பழுதானாலும் தலைவலி அவர்களுக்கு. ஒரு லிட்டர் டீசலில் நகரப் பேருந்து 4 முதல் 5 கிலோமீட்டர்தான் போகும். மின்சாரத்தில் அந்தச் செலவு நன்றாகவே குறைகிறது. படிக்கட்டு ஏற முடியாத பெரியவர்கள், வீல்சேரில் வருபவர்கள் தாழ்தளப் பேருந்தில் ஏறி உட்கார முடிகிறது. நீதிமன்றம் வரை போய் மாற்றுத்திறனாளிகள் பல ஆண்டுகள் கேட்ட விஷயம் அது.

பயணிகள் எதைக் கவனிக்கலாம்?

ட்ரிப் கட் ஆனால், ஸ்டாப்பில் நிற்காமல் போனால், ஏசி வேலை செய்யாவிட்டால் கம்பெனிக்கு அபராதம் போட ஜிசிசி ஒப்பந்தங்களில் இடம் உண்டு. அந்த அபராதம் போட ஆதாரம் வேண்டும். ஜிபிஎஸ் ஒரு ஆதாரம், பயணியின் புகார் இன்னொன்று. "இது தனியார் வண்டி, எங்களிடம் சொல்லாதீங்க" என்று எந்த அதிகாரியும் சொல்ல முடியாது. காசு கொடுப்பது எம்டிசி. வண்டி எண், ரூட் எண், நேரம் மூன்றையும் குறித்துக்கொண்டு 149 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் சொல்லலாம்.

எத்தனை ட்ரிப் ரத்தானது, எவ்வளவு அபராதம் பிடித்தார்கள், மாதம் எவ்வளவு வாடகை கட்டினார்கள் என்ற மூன்று கணக்கையும் மாதாமாதம் வெளியிடச் சொல்லி கேட்கவும் வழி இருக்கிறது. எம்டிசி பொது நிறுவனம், தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்குப் பொருந்தும். வியாசர்பாடி ஒப்பந்தத்தின் 12 ஆண்டுகள் முடிவது 2037இல்.